பின்னால் வருபவர் ஹார்ன் அடித்தால் மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி – மணலி புதுநகர் ஆசிரியை

வணக்கம். மணலி புதுநகரிலிருந்து மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு சாலையில் உள்ள ஒரு பள்ளிக்கு எட்டு ஆண்டுகளாக ஸ்கூட்டரில் சென்று வருகிறேன். மீஞ்சூர் வரை கண்டெய்னர் லாரிகள். பொன்னேரியைத் தாண்டினால் மீன் வண்டிகள், டிராக்டர்கள், மாடுகள், சைக்கிளில் வரும் பிள்ளைகள்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, மேதூருக்குச் சற்று முன்னால் சாலையின் இடப்பாதியில் நெல் காயப்போட்டிருந்தார்கள். எதிரே பேருந்து வந்ததால், அது கடந்து போகட்டும் என்று நின்றேன். பின்னால் வந்த கார்க்காரர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அந்தச் சத்தத்தில் பதறி இடப்பக்கம் மண்ணில் இறங்கியபோது, நெல்லின் ஓரத்தில் வைத்திருந்த கல்லில் முன்சக்கரம் ஏறி வண்டி சாய்ந்துவிட்டது. முழங்கையில் தோல் உரிந்ததோடு தப்பித்தேன். நான் எழுவதற்குள் அந்தக் கார் நெல்லின் மேலேயே ஏறிப் போய்விட்டது.

நான் செய்தது தவறா? இப்படி நெருக்குகிறவர்களுக்கு எப்படி வழிவிடுவது?

பதில் 1 – டிரெய்லர் ஓட்டுநர், மீஞ்சூர்

டீச்சர், நின்றது சரி; இறங்கியதுதான் ஆபத்து. தார் முடியும் இடத்தில் மண் பல இடங்களில் அரை அடி தாழ்ந்திருக்கிறது. இரண்டு சக்கர வண்டி அதில் சாய்வாக இறங்கினாலும் ஏறினாலும் சறுக்கும். வழிவிட வேண்டுமென்றால் இடது இண்டிகேட்டர் போட்டு, வேகத்தை மெல்லக் குறைத்து, ஓரம் சமமாக இருக்கும் இடத்தில் மட்டும் ஒதுங்குங்கள். அதுவரை அவர் காத்திருக்கட்டும்.

இருபது ஆண்டுகளாகத் துறைமுகத்திற்குக் கண்டெய்னர் ஓட்டுகிறேன். எத்தனை ட்ரிப் அடிக்கிறோம் என்பதைப் பொறுத்தே எங்களுக்குப் படி கிடைப்பதால், எங்களிலும் அவசரப்படுகிறவர்கள் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் லோடு ஏற்றிய டிரெய்லரை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. என் கண்ணாடியில் என் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் எனக்குத் தெரியவில்லை என்று பொருள். இடப்பக்கம் புகுந்து முந்தவே முந்தாதீர்கள். நான் இடது திரும்பும்போது பின்சக்கரங்கள் உள்ளே வெட்டி வரும். இன்னொன்று: முன்னால் போகும் லாரி இண்டிகேட்டர் போட்டால் ‘முந்திக்கொள்’ என்று அர்த்தம் என நம்பிப் போகிறார்கள். அது திரும்புவதற்காகவும் இருக்கலாம். அதை நம்பி உயிரை வைக்காதீர்கள்.

பதில் 2 – ஓய்வுபெற்ற பொறியாளர், திருவொற்றியூர்

அந்தக் கார்க்காரரின் அவசரத்தைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். இருபது கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க முப்பது நிமிடம் ஆகும். 60-இல் போனால் இருபது நிமிடம். வழியெல்லாம் சாலை காலியாக இருந்தால்தான் அந்தப் பத்து நிமிடமும் மிஞ்சும், ஊருக்கு ஊர் வேகத்தடை உள்ள சாலையில் அதில் பாதிகூட மிஞ்சாது.

40-இல் ஓடும் 16 மீட்டர் டிரெய்லரை 60-இல் செல்லும் கார் முந்துவதாக வைத்துக்கொள்வோம். முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளியையும் சேர்த்தால் ஏறத்தாழ 50 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும், அதற்கு ஒன்பது விநாடி ஆகும். அந்த ஒன்பது விநாடியில் கார் 150 மீட்டர் போயிருக்கும். எதிரே அதே வேகத்தில் வரும் வண்டியும் 150 மீட்டர் நெருங்கியிருக்கும். ஆக, 300 மீட்டர் சாலை வெறுமையாகத் தெரிந்தாலொழிய வலப்பக்கம் எட்டிப் பார்ப்பதே தவறு. புளியமரங்களும் வளைவுகளும் உள்ள சாலையில் அவ்வளவு தூரம் எங்கே தெரிகிறது?

சட்டமும் இதை அற்பமாகக் கருதவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில், 2019-இல் வந்த திருத்தத்திற்குப் பிறகு, விதிக்குப் புறம்பாக முந்துவதும் ஆபத்தாக ஓட்டுவதில் அடங்கும். முதல் முறைக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

பதில் 3 – விவசாயி, மேதூர் பக்கம்

டீச்சர், நீங்கள் விழுந்தது எங்கள் ஊர் நெல்லாகவும் இருக்கலாம் என்று நினைக்கும்போது மனம் கஷ்டப்படுகிறது. ஊரில் இருக்கும் களம் போதவில்லை. ஈரத்தோடு கொண்டுபோனால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். அதனால்தான் சாலைக்கு வருகிறோம். வண்டி ஏறிவிடக் கூடாதே என்றுதான் கல் வைக்கிறோம். அது இன்னொருவரைச் சாய்க்கும் என்பதை நாங்கள் யோசித்திருக்க வேண்டும், அதில் எங்கள் தவறும் உண்டு.

கேள்வி கேட்டவர்

ஐயா, உங்கள் மேல் எனக்குச் சிறிதும் வருத்தமில்லை. கல்லுக்குப் பதிலாக மண் நிரப்பிய சாக்கை வைத்து, தூரத்திலிருந்தே தெரியும்படி ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டினால் பிள்ளைகளுக்கும் உதவியாக இருக்கும். ஓட்டுநர் அண்ணன் சொன்னபடி, இனி எத்தனை முறை ஹார்ன் அடித்தாலும் சமமான ஓரம் வரும் வரை தாரை விட்டு இறங்க மாட்டேன்.

பதில் 3 – விவசாயி, மேதூர் பக்கம்

சாக்கு வீட்டிலேயே இருக்கிறது டீச்சர். பக்கத்து வயல்காரர்களிடமும் இன்று மாலையே சொல்லிவிடுகிறேன்.