இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த மலையக உறவுகளுக்கு: பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லையென்றால்

தங்கச்சி, இலங்கை மலையகத்துத் தலவாக்கலையில் தரம் 3 வரை படித்துவிட்டு வந்த மகனுக்கு இங்கே வாசிப்பே வரவில்லை, "இங்கிலீஷ் பழகட்டும், பார்க்கலாம்" என்று டீச்சர் சொல்கிறார் என எழுதியிருந்தீர்கள். எங்களுக்கும் அதையேதான் சொன்னார்கள். நம்பி 2 வருடம் காத்திருந்தோம். அதை நினைத்தால் இன்றும் மனது வலிக்கிறது.

டீச்சர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. விளையாட்டுப் பேச்சு ஓரிரு வருடத்தில் வந்துவிடும். பாடத்துக்குத் தேவையான இங்கிலீஷ் வர 5 முதல் 7 வருடம்கூட ஆகலாம். அதனால் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையின் தமிழை.

நான் மகனின் ஊர்க் கொப்பிகளை எடுத்து விரித்துப் பார்த்தேன். கரும்பலகையில் இருந்ததை முத்து முத்தாக எழுதியிருந்தான். "இதை வாசி மகன்" என்றால் முதல் சொல்லிலேயே நின்றுவிட்டான். சொல்வதெழுதலில் 'கொழுந்து' என்பதை 'கொந்து' என்று எழுதியிருந்தான். அவன் அம்மாயி 30 வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர், பிறந்ததிலிருந்து கேட்ட சொல் அது. ல, ள குழப்பம் எல்லாப் பிள்ளைக்கும் வரும். நடு எழுத்தே காணாமல் போவது வேறு. வாசிப்புக் குறைபாடு ஒரு மொழியோடு நிற்காது, தமிழிலும் தெரியும். ஊரில் இதற்கு 'மக்கு' என்று பெயர் வைத்துவிடுவார்கள். அந்தச் சொல்லை வீட்டுக்குள் விடாதீர்கள்.

கண்ணையும் காதையும் முதலில் சோதித்துவிடுங்கள். அப்புறம் ஸ்கூலில் 'சென்கோ' என்று ஒரு டீச்சர் இருப்பார், விசேட உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்குப் பொறுப்பானவர். வாயால் சொல்லாமல் ஈமெயிலில் கேளுங்கள், தேதி பதிவாகும். ஸ்கூல் அசையவில்லையா? பிள்ளையின் தேவைகளை மதிப்பிடும்படி கவுன்சிலுக்கு நீங்களே எழுதலாம், பிள்ளைகள், குடும்பங்கள் பற்றிய 2014 சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. மதிப்பிடுவதா இல்லையா என்று அவர்கள் 6 வாரத்துக்குள் சொல்ல வேண்டும். உதவித் திட்டம் கொடுப்பதானால், நீங்கள் கேட்டதிலிருந்து மொத்தம் 20 வாரத்துக்குள் கொடுக்க வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். வலிப்பு, தலையில் பலத்த அடி, குறைமாதப் பிறப்பு எதுவும் இருந்திருந்தால் ஜிபியிடமும் (குடும்ப டாக்டர்) சொல்லுங்கள், மூளைச் செயல்பாட்டைப் பார்க்கும் நிபுணர் தேவைப்படலாம்.

இப்படி மதிப்பிடும்போது பிள்ளைக்கு வைக்கும் சோதனை என்றதும் பயப்பட வேண்டாம், ஊசி மருந்து எதுவும் இல்லை. சிவப்பு வெள்ளைக் கட்டைகளை அடுக்கி, படத்தில் உள்ளதைப் போல் செய்யச் சொன்னார்கள். என் மகன் சட்டென்று அடுக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். இலக்கங்களைப் பின்னிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னபோதுதான் தடுமாறினான். எங்கே பலம், எங்கே தடை என்று இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறார்கள். ஆனால் சொல்லறிவுப் பகுதியை இங்கிலீஷில் மட்டும் வைத்தால் மதிப்பெண் நிச்சயம் குறையும். "வீட்டு மொழி தமிழ், வந்து இவ்வளவு மாதம்தான்" என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, மொழிபெயர்ப்பாளரும் கேளுங்கள். அண்ணன் மகளை உட்கார வைத்துச் சமாளிக்காதீர்கள். பாசத்தில் பதிலைச் சொல்லிக்கொடுத்துவிடுவாள்.

இன்றைக்கே ஊருக்கு ஒரு கோல் எடுங்கள். மகனின் கொப்பிகள், தேர்ச்சி அறிக்கை, கிளினிக்கில் கொடுத்த பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேடு எல்லாவற்றையும் அம்மா பழைய பேப்பரோடு போடுவதற்கு முன், வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.