கிளைம் வாங்கினதை மறைச்சா 3,717 ரூபாய் மிச்சம். தப்பா?

கன்னங்குறிச்சி_கார்:
எல்லாருக்கும் வணக்கம். போன மே மாசம் ஏற்காட்டுல இருந்து இறங்கும்போது பதினோராவது கொண்டை ஊசி வளைவுல ஏறி வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கப் போய், இடது பக்கக் கதவு ரெண்டும் தடுப்புச் சுவர்ல தேய்ஞ்சிடுச்சு. மலையில ஏறுற வண்டிக்குத்தான் முதல் வழி, அதனால தப்பு என் பேர்லதான். இன்சூரன்ஸ்ல கிளைம் போட்டு சரி பண்ணிட்டேன்.

இப்ப ரினியூவல். ஏஜென்ட் வேற கம்பெனிக்கு மாத்தலாம்னு சொல்றார். நம்ம வண்டி சேதத்துக்கான பிரீமியம் (அவங்க ஓ.டி.ங்கறாங்க) 9,000 வருது. கிளைம் வாங்கினதால என்.சி.பி. (கிளைம் வாங்காத வருஷங்களுக்குத் தர்ற தள்ளுபடி) பூஜ்யம். வாங்காம இருந்திருந்தா இது மூணாவது வருஷம், 35 சதவீதம் தள்ளுபடி, அதாவது 3,150. அதுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தா 3,717. "போன வருஷம் கிளைம் உண்டான்னு கேட்கும்ணா, இல்லைன்னு ஒரு டிக்கு, அவ்ளோதான்"ங்கறார். ஊரே பண்றதுதானாம்.

பண்ணலாமா? யாருக்கும் கெடுதல் இல்லாத பொய்தானே?

தட்டுவடை_செட்:
தாராளமா பண்ணுங்க. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ற ஊர்ல ஒரு டிக்குக்கு விவாதமா? அவங்க மட்டும் யோக்கியமா? போன வருஷம் என் வண்டி பம்பர் உடைஞ்சப்ப பில்லுல பாதிதான் கொடுத்தாங்க. கேட்டா பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானமாம். பிரீமியம் வாங்கறப்ப தேய்மானத்தைப் பத்தி ஒருத்தரும் வாய் திறக்கல. அவங்க சொல்லாம விட்டா விதிமுறை, நாம சொல்லாம விட்டா பொய்யா?

மேசை_நாலு:
கிளைம் மேசையில 30 வருஷம் உக்காந்துட்டு ரிட்டையர் ஆனவன். தம்பி, 50 சதவீதம் தேய்மானம் பாலிசியிலயே அச்சடிச்சிருக்கு. ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி எல்லாத்துக்கும் அதே கணக்கு. ஃபைபர் கிளாஸுக்கு 30. கண்ணாடிக்கு மட்டும் பிடித்தம் இல்ல. அதை ஏஜென்ட் வாயால சொல்லல, அது அவர் தப்பு. அதுக்காக மறைச்சதா ஆகாது.

இப்ப கேள்வி கேட்டவருக்கு. அந்த டிக்குக்குக் கீழ ஒரு உறுதிமொழி இருக்கும். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே ரேட்டு, ஒரே விதின்னு இருந்த பழைய டாரிஃப் காலத்துல இருந்து அதே வாசகம்தான்: நான் சொன்ன என்.சி.பி. சரி, போன பாலிசியில கிளைம் இல்ல, இது தப்புன்னு தெரிஞ்சா முதல் பிரிவுப் பலன்கள் எல்லாத்தையும் இழக்கச் சம்மதம். முதல் பிரிவுன்னா நம்ம வண்டிக்கான சேதம், திருட்டு, தீ. அதாவது 3,150 தள்ளுபடி போக நீங்க கட்டற 5,850 ரூபாய், நீங்களே எழுதிக் கொடுத்த ஒரு வரியால காலிக் கவர் ஆகிடுது.

தட்டுவடை_செட்:
கண்டுபிடிச்சாத்தானே அய்யா.

மேசை_நாலு:
தள்ளுபடி கொடுத்த 21 நாளைக்குள்ள புதுக் கம்பெனி பழைய கம்பெனிக்கு எழுதிக் கேட்கணும்னு டாரிஃப்ல விதி இருந்துச்சு. நேர்மையா சொல்றேன், நிறைய இடத்துல கேட்கவே மாட்டாங்க. எப்ப கேட்பாங்க தெரியுமா? நீங்க 2 லட்சத்துக்கு கிளைம் ஃபைலைக் கொண்டு வந்து மேசையில வெச்ச அன்னிக்கு. நானே கேட்டிருக்கேன். ஒரு மெயில், மறுநாள் பதில். அந்தக் குடும்பத்தலைவர் முகம் இன்னும் ஞாபகம் இருக்கு. பொய் சொன்னதே அவருக்கு மறந்து போயிருந்துச்சு.

பிரீமியம் வாங்கறப்ப சரிபார்க்காத கம்பெனி, கிளைம் வந்தப்புறம் துருவறது நியாயமான்னு நுகர்வோர் ஆணையங்கள் கேட்டிருக்கு. கொஞ்சம் பிடிச்சிக்கிட்டு மிச்சத்தைக் கொடுன்னும் உத்தரவு வந்திருக்கு, கிளைமை முழுசா நிராகரிச்சது சரின்னும் வந்திருக்கு. ரெண்டையும் கையில வெச்சுப் படிச்சிருக்கேன். 3,717க்காக அந்தச் சீட்டாட்டத்துல உக்காரணுமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.

செரி_ரோடு_டீச்சர்:
அய்யா சொல்றது எல்லாமே "மாட்டுவீங்க"ங்கற பயம். மாட்டாம இருந்தா? கதவு தேய்ஞ்சவர் கேட்டது சரியா தப்பான்னு. அதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

என் பதில், தப்பு. கம்பெனி பாவம்ங்கறதுக்காக இல்ல. கம்பெனி தன் பைல இருந்து கொடுக்கல. ஐந்து ரோட்டுல சிக்னலுக்கு நிக்கிற அத்தனை கார்க்காரங்க காசும் ஒரே குடத்துல கிடக்கு. போன வருஷம் நீங்க அதுல மொண்டு குடிச்சீங்க, அது உங்க உரிமை. இந்த வருஷம் "நான் மொள்ளவே இல்ல"ன்னு சொல்லி, மொள்ளாதவனுக்கான பரிசையும் கேட்கறீங்க.

தட்டுவடை_செட்:
குடம் நல்லாத்தான் இருக்கு டீச்சர். குடத்துல ஓட்டை போட்டு ஏ.சி. ரூம்ல உக்காந்திருக்கறவனையும் கொஞ்சம் கேளுங்க.

மலை_டாக்ஸி:
ஏற்காடு ஒண்டிக்கடை ஸ்டாண்டுல டி போர்டு டாக்ஸி ஓட்டறேன். சின்னப் பொய்னா என்னன்னு நான் காட்டறேன் வாங்க.

சீசன் வந்தா லாட்ஜ்ல இருந்து போன் போகும். வாடகைக்கு ஓட்டக் கூடாத ஓன் போர்டு வண்டி வந்து நிக்கும். பகோடா பாயின்ட், லேடீஸ் சீட், சேர்வராயன் கோயில், கிளியூர் அருவி, ஒரு ரவுண்டு அடிச்சுட்டு எங்க ரேட்டுல பாதி வாங்கிக்குவான். எப்படிக் கட்டுபடியாகுதுன்னா, அவன் பாரத்துல "சொந்த உபயோகம்"னு எழுதியிருக்கான். நான் பெர்மிட், எஃப்.சி., டாக்ஸி இன்சூரன்ஸ் எல்லாம் கட்டிட்டு வெயில்ல நிக்கறேன். அந்தப் பொய்யில யாருக்கும் கெடுதல் இல்லையாம்!

இன்னொண்ணு. உள்ள உக்காந்திருக்கிற குடும்பத்துக்கு அது ஓன் போர்டுன்னா என்னன்னே தெரியாது. வளைவுல ஏதாவது ஆச்சுன்னா, வாடகைக்கு ஓட்டினான்னு சொல்லி கம்பெனி கையை விரிக்க சட்டத்துலயே வழி இருக்கு. நஷ்ட ஈட்டுக்கு அவங்கதான் கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் அலையணும்.

தட்டுவடை_செட்:
2008லயே உச்ச நீதிமன்றம் சொந்த உபயோக வண்டியை டாக்ஸியா ஓட்டினவருக்குப் பணம் கொடுக்கச் சொல்லியிருக்கு. தேடிப் பாருங்க.

மேசை_நாலு:
பாதி சரி. அது வண்டி திருடு போன வழக்கு. டாக்ஸியா ஓட்டினதுக்கும் திருட்டுக்கும் சம்பந்தம் இல்லைன்னுதான் 75 சதவீதம் கொடுக்கச் சொன்னாங்க. அதை வாங்க அந்த மனுஷன் கன்ஸ்யூமர் கேஸ்ல ஆரம்பிச்சு டெல்லி வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு.

தட்டுவடை_செட்:
சரி, டாக்ஸி அண்ணனுக்கு ஒரு கேள்வி. கோடை விழா அன்னிக்கு உங்க ஏழு சீட் வண்டியில எத்தனை பேர்?

மலை_டாக்ஸி:
ஒன்பது ஏத்தியிருக்கேன். ஒரு தடவை பத்து, குழந்தைங்களோட. தப்புதான். ஆனா பாரத்துல ஏழுன்னு எழுதறப்ப ஏழுன்னுதான் நினைச்சு எழுதினேன். எழுதறப்பவே மனசுல பத்தை வெச்சுக்கிட்டு ஏழுன்னு எழுதறவன் வேற.

செரி_ரோடு_டீச்சர்:
இந்தத் திரியிலேயே நல்ல பதில் இதுதான்.

ஆம்னி_கேஸ்:
நடுவுல ஒரு பாவமன்னிப்பு. என் ஆம்னியில கேஸ் கிட் போட்டு நாலு வருஷம். ஆர்.சி.யில ஏத்தல, பாலிசியிலயும் சொல்லல. எவ்வளவு மிச்சம் ஆகுதுன்னு இன்னிக்குத்தான் கணக்குப் பார்த்தேன். மூன்றாம் நபர் பக்கம் 60 ரூபாய், கிட் விலையில 4 சதவீதம். 25,000 ரூபாய் கிட்டுக்கு ஆயிரம். மொத்தம் 1,060. அதுல தினம் என் பொண்ணை ஸ்கூல்ல விடறேன்.

மேசை_நாலு:
இன்னிக்கே ஆர்.டி.ஓ. ஆபீஸ் போங்க. மத்ததை அப்புறம் பேசலாம்.

தட்டுவடை_செட்:
கேஸ் கிட் வேற விஷயம், நானும் ஒத்துக்கறேன். அது ஆபத்து. வாடகைப் பொய்யும் பெரிய பொய்தான். நான் சொல்றது யார் மேலயும் மோதாத பொய்யை. என்.சி.பி. டிக். கிலோமீட்டரைக் குறைச்சுச் சொல்றது. சென்னையில ஓட்டற வண்டிக்கு சேலம் அட்ரஸ் கொடுக்கறது.

மேசை_நாலு:
கடைசியா சொன்னதுக்குப் பொய்யே தேவை இல்ல தம்பி. பிரீமியம் கணக்குப் பார்க்கிற மண்டலம், வண்டி எங்க பதிவாச்சுங்கறதை வெச்சுத்தான். சென்னை ஏ, சேலம் பி. இங்க பதிவான வண்டி அங்க ஓடினாலும் பி கணக்குத்தான். வீணா ஒரு பொய்யைச் செலவு பண்ணியிருக்கீங்க.

அம்மாபேட்டை_தறி:
ரெண்டு நாளா படிச்சுட்டு, எழுதலாமா வேண்டாமான்னு இருந்தேன். யார் மேலயும் மோதாத பொய்னு சொன்னதால எழுதறேன்.

ஆன்லைன்ல ரினியூவல் பண்றப்ப கடைசிப் பக்கத்துல ஒரு பெட்டி வரும். உரிமையாளர் ஓட்டும்போது இறந்துட்டா 15 லட்சம் தர்ற தனிநபர் விபத்துக் காப்பீடு. கட்டாயம்தான். ஆனா "என்கிட்ட ஏற்கனவே வேற பாலிசி இருக்கு"ன்னு டிக் பண்ணினா அந்தத் தொகை பில்லுல இருந்து போயிடும். 2019ல இருந்து இப்படி. அத்தாட்சி எதுவும் கேட்காது. நம்ம வாய்ச்சொல்தான்.

எங்க சித்தப்பா வண்டிக்கு அவர் பையன்தான் ரினியூ பண்ணான். நாலு ரோடு டீக்கடையில நின்னுக்கிட்டு, போன்ல, ஒரு கையில கிளாஸோட. பக்கத்துல நான் இருந்தேன். அந்தப் பெட்டியை டிக் பண்ணதும் தொகை குறைஞ்சுது. "பாத்தியா, முந்நூறு ரூவா"ன்னு எங்கிட்ட காட்டினான். அந்தக் காசுல எனக்கு ஒரு தட்டுவடை செட்டு வாங்கிக் கொடுத்தான். அதுல கார்ச் சட்னி அதிகம், நான் திட்டினேன். இதெல்லாம் ஏன் ஞாபகம் இருக்குன்னு தெரியல.

ஏழு மாசம் கழிச்சு வாழப்பாடி பக்கம் சித்தப்பா தனியா ஓட்டிட்டு வர்றப்ப விபத்து. வண்டிச் சேதத்துக்குப் பணம் வந்துச்சு. கம்பெனி ஒரு குறையும் வைக்கல. சித்தி அந்த 15 லட்சத்தைப் பத்திக் கேட்டாங்க, யாரோ சொல்லியிருக்காங்க. ஆபீஸ்ல பாலிசியைத் திருப்பிக் காட்டினாங்க: இந்தக் காப்பீடு எடுக்கப்படவில்லை, வேறு பாலிசி இருப்பதாக உறுதி.

"அப்பாவே வேண்டாம்னு சொல்லியிருப்பார் போல"ன்னு பையன் சித்திகிட்ட சொல்லிட்டான். சித்தியும் நம்பிட்டாங்க. பணத்துல சித்தப்பா கொஞ்சம் கெட்டிதான், அதனால நம்பறது கஷ்டமா இல்ல. இப்ப இறந்த மனுஷன் பேர்ல இன்னொரு பொய். நானும் வாயை மூடிக்கிட்டுத்தான் இருக்கேன்.

தட்டுவடை_செட்:
இதுக்கு எனக்குப் பதில் இல்லைங்க. மன்னிச்சிடுங்க. என்.சி.பி.யும் இதுவும் ஒண்ணான்னு மட்டும் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கு. அங்க மிஞ்சிப் போனா ஒரு கதவுக் காசு போகும்.

மேசை_நாலு:
கதவா இருந்தா கதவுக் காசு. வண்டி மொத்தமா போனா மொத்தக் காசு. டிக் பண்றப்ப எது வரும்னு தெரியாதே.

ஆனா ஒண்ணு, பிரீமியம் வாங்கறப்ப ஒருத்தரும் வாய் திறக்கலன்னு தட்டுவடை தம்பி சொன்னதுல நியாயம் இருக்கு. இந்தப் பொய்ல பாதிக்கு மேல வண்டிக்காரர் யோசிச்சது கிடையாது. பாரத்தை ஏஜென்ட் நிரப்புவார், ஓ.டி.பி.யை மட்டும் இவர் சொல்வார். கிளைம் நின்னா ஏஜென்ட் போன் எடுக்க மாட்டார். என் மேசை முன்னாடி உக்காந்து அழுதவங்கள்ல ஒருத்தர் கூட ஏஜென்ட் இல்ல.

கன்னங்குறிச்சி_கார்:
எல்லாருக்கும் நன்றி. நேத்து சாயங்காலம் ஏஜென்ட்டைக் கூப்பிட்டு என்.சி.பி. பூஜ்யம்னே போடச் சொல்லிட்டேன். "உங்க இஷ்டம்ணா"ன்னார், குரல்ல ஏதோ நான் அவர் பிழைப்பைக் கெடுத்த மாதிரி. வருத்தம் இருக்கு, 3,717 சின்னக் காசு இல்ல. எனக்கு வீட்டு வாடகையில பாதி.

அம்மாபேட்டைக்காரர் எழுதினதைப் படிச்சுட்டு ராத்திரி வீட்ல இருக்கிற பாலிசி எல்லாத்தையும் எடுத்தேன். என் கார்ல அந்த 15 லட்சம் இருக்கு. வீட்டம்மா ஸ்கூட்டர் அவ பேர்ல. அதுல "வேறு பாலிசி இருப்பதாக உறுதி"ன்னு போட்டிருக்கு. என் கார் பாலிசியை மனசுல வெச்சுக்கிட்டு நான்தான் டிக் பண்ணியிருக்கணும். அது அவளுக்கும் சேரும்தானே?

மேசை_நாலு:
சேராது. ஆர்.சி. யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான். அவங்க பேர்ல தனியா எடுக்கணும். எடுத்துட்டா அவங்க பேர்ல இருக்கிற எல்லா வண்டிக்கும் அந்த ஒண்ணே போதும்.

தட்டுவடை_செட்:
ஸ்கூட்டர்ல எவ்வளவு மிச்சம் ஆச்சு?

கன்னங்குறிச்சி_கார்:
முந்நூத்திச் சொச்சம்.