கம்பம் பள்ளத்தாக்கில் சைக்கிள் மிதித்தவர்களே, அங்கே யாரைச் சந்தித்தீர்கள்?

ஒற்றைக்கியர்

போன ஆடியில் நடந்தது. உத்தமபாளையம் தாண்டியதும் மெயின் ரோட்டை விட்டு, காமயகவுண்டன்பட்டி வழியாகச் சுருளிப்பட்டிக்குப் போகும் தோட்டத்து ரோடு. காற்றைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அம்மியே பறக்கிற மாதத்தில் என் சைக்கிள் எம்மாத்திரம். சின்னமனூரிலிருந்து பதினான்கு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவே முடியவில்லை. பின் டயர் பஞ்சர் ஆனபோது, உண்மையைச் சொன்னால், நிம்மதியாகத்தான் இருந்தது.

ஒரு திராட்சைப் பந்தல் ஓரமாக உட்கார்ந்து டியூப் மாற்றினேன். கிளம்பும்போது நிமிர்ந்து பார்த்தால், கல்தூணைத் தாண்டி ரோட்டுப் பக்கமாக ஒரு கொத்து. பன்னீர் திராட்சை, நல்ல கறுப்பு. மேலே வெளிறிய பொடி படிந்திருந்தது. கடைத் திராட்சையிலும் அந்த மாவு இருக்குமே, அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பழம் வாய்க்குள் போய்விட்டது. மூன்றாவதைப் பறிக்கக் கையைத் தூக்கும்போது மணிக்கட்டில் பொளேரென்று ஓர் அடி.

“துப்பு! துப்புய்யா மொதல்ல! காலைலதான் மருந்து அடிச்சிருக்கு!”

ஐம்பது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. என் தாடையைப் பிடித்து அழுத்தியே துப்ப வைத்தார். விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் நீலம். மயில்துத்தம் கரைத்த கை. பிளாஸ்டிக் குடத்தைச் சாய்த்து, “ஒண்ணு... ரெண்டு...” என்று எண்ணி எட்டு முறை வாய் கொப்பளிக்க வைத்தார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றேன்.

எல்லாம் முடிந்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் பையிலிருந்து நூறு ரூபாயை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இது பழத்துக்கா, தண்ணிக்கா?”

எனக்குப் பதில் வரவில்லை. நோட்டை மடித்து வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு வருடம் ஆகப்போகிறது, இன்னும் வரவில்லை.

கிராங்க்செட் சித்தப்பா

கேட்காமல் பறித்ததே தப்பு. அந்த அம்மா அடித்தது சரி.

எனக்கும் கூடலூர் பக்கம் பஞ்சர் ஆகியிருக்கிறது. ஒரு பெரியவர் வாயே திறக்காமல் அரை மணி நேரம் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். டியூப் மாற்றி, காற்றடித்து, கை துடைத்த பிறகு டயரின் மேல் விரலை வைத்து, “முள்ளு இன்னும் உள்ளதான் இருக்கு” என்றார். இருந்தது. மறுபடி முதலிலிருந்து.

அதனால் சொல்கிறேன். ஓடையோரம் முழுக்க சீமைக் கருவேலம். பழைய டியூபை உருவியதும் புதியதை உள்ளே தள்ளாதீர்கள். டயரின் உட்பக்கம் முழுச் சுற்றும் விரலால் தடவுங்கள், மெதுவாக, ஏனென்றால் முள் விரலையும் குத்தும். கர்சீப்பால் தடவினால் முள் இருக்கிற இடத்தில் துணி மாட்டும், அது இன்னும் நல்லது. 23 எம்எம் டயரோடு தோட்டத்து ரோட்டுக்கு வராதீர்கள். 28 போடுங்கள், காற்றைக் கொஞ்சம் குறைத்து அடியுங்கள். ஆனி முதல் ஆவணி வரை காலை ஐந்தரைக்கே மேற்கே பார்த்து மிதிக்க ஆரம்பித்துவிடுங்கள். வெயில் ஏறினால் காற்றும் ஏறும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது முதுகுக்காற்று, இந்த வரிசையை மாற்றினால் அழுதுகொண்டுதான் தேனி திரும்ப வேண்டும். தேனிப் பக்கம் காற்றாடிகளை நட்டு வைத்திருப்பது அழகுக்கா?

அப்புறம் அந்த மருந்து. மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, நூறு லிட்டர் தண்ணீர், அதுதான் போர்டோ கலவை. அடிச்சாம்பல் நோய்க்கு அடிப்பது. இரண்டு பழத்தில் ஆள் போகமாட்டான், ஆனால் அடித்தது அது மட்டும்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? தண்ணீர் பாட்டில் இரண்டு எடுத்துப் போங்கள். வாழைப்பழம் கொண்டு போங்கள். திராட்சையில் கை வைக்காதீர்கள்.

ஓடைப்பட்டியான்

சித்தப்பா, ரோட்டுப் பக்கம் தொங்கும் கொத்தில் இரண்டு பழம் தின்றவனை எங்கள் ஊரில் திருடன் என்று சொல்ல மாட்டார்கள். விதையில்லாத் திராட்சை போடும் ஊர் எங்களுடையது, எங்கள் பந்தலிலும் பறிப்பார்கள். கடுப்பு வருவது வேறு விஷயத்துக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேர் வந்தார்கள், மதுரைப் பக்கம். பந்தலுக்குள் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று முறையாகக் கேட்டார்கள். அப்பா சரி என்றார். நான் பக்கத்து வயலில் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். இங்கே ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது அடுத்ததில் காய் வெட்டு நடக்கும். வருடம் முழுக்கப் பழம் உண்டு, அதனால் வருடம் முழுக்கப் படம் எடுக்கவும் ஆள் வரும்.

அப்பாவுக்கு அந்த சைக்கிள்கள் மேல் ஒரு கண். ஒன்றை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தார். தூக்க முடிந்தது. குழந்தை மாதிரி சிரித்தார். “என்ன விலை தம்பி?” என்று கேட்டார்.

அந்தப் பையன் கொஞ்சம் தயங்கி, “பத்தாயிரம் வரும்ணே” என்றான்.

நானும் கொஞ்சம் மிதிப்பவன்தான். அந்த பிரேம், அந்த வீல். ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது. அவன் என்னைப் பார்த்தான். எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது. அந்த வாரம் வியாபாரி கேட்ட விலை வெட்டுக் கூலிக்கே கட்டவில்லை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் சொல்லி விலை கேட்டால் வியாபாரி சிரிப்பான். அதெல்லாம் அந்தப் பையனுக்கு எங்கே தெரியும். இருந்தும் பொய் சொன்னான். அப்பாவை மதித்துச் சொன்னானா, பாவம் பார்த்துச் சொன்னானா?

நானும் வாயைத் திறக்கவில்லை. அப்பா இன்றைக்கும் “பத்தாயிரம்தானே, உனக்கும் ஒண்ணு வாங்கலாம்டா” என்கிறார்.

மஞ்சள் ஹெல்மெட்

2023 மே 27, சனிக்கிழமை. தேதியைச் சொன்னாலே பாதிப் பேருக்குப் புரிந்திருக்கும். எனக்கு மட்டும்தான் அன்று புரியவில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டு உத்தமபாளையத்திலிருந்து மிதித்து வருகிறேன். கம்பத்துக்குள் நுழைந்தால் கடைத்தெரு காலி. ஷட்டரெல்லாம் இறங்கிக் கிடக்கிறது. மாடியெல்லாம் ஜனம். என்னைப் பார்த்ததும் மேலிருந்து கை ஆட்டுகிறார்கள், விசில் அடிக்கிறார்கள்.

நானும் கை ஆட்டினேன். ஆமாம், சிரித்துக்கொண்டே ஆட்டினேன். நம் ஊரில் சைக்கிள்காரனுக்கு இவ்வளவு மரியாதையா என்று ஹேண்டிலில் குனிந்து கொஞ்சம் வேகம்கூடக் கூட்டினேன்.

ஒரு பாட்டி மாடிக் கைப்பிடியில் பாதி உடம்பு தொங்க, “யானைடா! அரிக்கொம்பன்டா! வீட்டுக்குள்ள போடா எடுபட்டவனே!” என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு கேட் திறந்தது, யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். சைக்கிள் ரோட்டில் கிடந்து சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில்தான் மத்தியானம் வரை இருந்தேன், சாப்பாடும் போட்டார்கள். அடுத்த முறை போனபோது ஒரு டப்பா மைசூர்பாகு வாங்கிக்கொண்டு தேடினேன். எல்லாக் கேட்டும் ஒரே பச்சை. கண்டுபிடிக்க முடியவில்லை.

லோயர்கேம்ப் லோக்கல்

மஞ்சள் ஹெல்மெட், யானையைப் பார்க்காதவர் யானைக் கதை சொல்லக் கூடாது. அன்றைக்கு ஊருக்குள் அடிபட்டவர்கள் இருக்கிறார்கள், ஒருவர் உயிரே போனது. மைசூர்பாகு கதையாக அதை நினைவில் வைக்க என்னால் முடியவில்லை.

என் கதை குமுளி மலைரோடு. மாசி மாதம், சபரிமலைக் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு. குமுளியில் டீக்கடையில் பேச்சு வளர்ந்து இறங்கும்போது இருட்டிவிட்டது. முன்னால் லைட் இல்லை. பாதி வளைவு தாண்டியதும் பின்னால் ஒரு ஜீப். ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்தான், கடைசி ட்ரிப். காலையில் நம்மை உரசிக்கொண்டு பறப்பார்களே, அதே ஜீப்.

இது முந்தவில்லை. ஒட்டிக்கொண்டே வருகிறது. ஒதுங்கினேன், வரவில்லை. வேகம் குறைத்தேன், அவனும் குறைத்தான். வம்பு பண்ணுகிறான் என்று முடிவு கட்டி, திரும்பிப் பார்க்காமலே கையால் ஒரு சைகை காட்டினேன். என்ன சைகை என்று எழுத மாட்டேன். உள்ளே பத்துப் பெண்கள் இருந்திருப்பார்கள்.

மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறங்கும் பெரிய குழாய்கள் பக்கம் வந்தபோதுதான் கவனித்தேன். என் முன்னால் ரோடு பளிச்சென்று தெரிந்துகொண்டே இருந்தது. என் நிழல் நீளமாக முன்னால் ஓடியது. அவன் லைட் அடித்துக்கொண்டு வந்திருக்கிறான், அவ்வளவுதான். லோயர்கேம்ப் தெருவிளக்கு வந்ததும் ஒரு ஹாரன்கூட அடிக்காமல் என்னைத் தாண்டிப் போய்விட்டான்.

கிராங்க்செட் சித்தப்பா

லைட் இல்லாமல் மலை இறங்கலாமா? முன்னால் குறைந்தது 400 லூமென், பின்னால் சிவப்பு, மின்னாமல் நிலையாக எரிய வேண்டும். இரண்டுக்கும் உபரி சார்ஜ்.

ஓடைப்பட்டியான்

ஒற்றைக்கியர், உங்கள் கேள்விக்கு எங்கள் அம்மாவிடம் கேட்டேன். தண்ணிக்கு என்று சொல்லியிருந்தால் அந்தக் குடத்தாலேயே ஒன்று போட்டிருப்பாராம். பழத்துக்கு என்றிருந்தால் நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு, மருந்து வாடை போனதும் வந்து பழம் எடுத்துப் போ என்றிருப்பாராம்.

ஒற்றைக்கியர்

அப்படியானால் நூறு ரூபாய் பாக்கி இருக்கிறது.

கிராங்க்செட் சித்தப்பா

அதெல்லாம் இருக்கட்டும். டயருக்குள் முள்ளைத் தேடினீர்களா, இல்லையா?

ஒற்றைக்கியர்

இல்லை. உத்தமபாளையத்தில் மறுபடி பஞ்சர்.