கிரானில் ஓடும் பிஎச்பி ஸ்கிரிப்ட்: பிழைச்செய்தி மட்டும் லாக்கில் விழவில்லை

பினாங்கு_கணக்கன்:
ஜார்ஜ் டவுன் லெபோ பாசாரில் மாமாவுக்கு மளிகைக் கடை. அதன் கணக்கை பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிக் கொடுத்த பாவத்துக்கு இன்றுவரை சம்பளமில்லாத வேலையாள் நான்தான்.

இரவு 2 மணிக்கு கிரான் (சர்வரில் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் நிரல்) ஒரு ஸ்கிரிப்ட்டை ஓட்டுகிறது. ஆண்டுத் தொடக்கத்திலிருந்து வந்த பில்களைக் கூட்டி இருப்பைச் சரிசெய்ய வேண்டும். பத்து நாளாகப் பாதியில் நிற்கிறது. லாக்கில் (நடந்ததைப் பதியும் கோப்பில்) "பில்களைப் படிக்கிறேன்" என்ற வரியோடு சரி. பிரவுசரில் திறந்தால் ஒழுங்காக ஓடி முடிகிறது! காலையில் மாமா, "துவரம்பருப்பு 40 மூட்டை என்கிறது உன் கம்ப்யூட்டர், கண்ணுக்குத் தெரிவது ஆறுதான்" என்கிறார்.

கிரான் வரியில் 2>&1 போட்டு, அதன்பின் >> போட்டு லாக் கோப்பைக் கொடுத்திருக்கிறேன். பிழைச்செய்தி எங்கே போகிறது?

தண்ணீர்மலையான்:
வரிசை தலைகீழ், தம்பி. கட்டளை வரியை நிறைவேற்றும் ஷெல் அதை இடமிருந்து வலமாகப் படிக்கும். 1 என்பது வழக்கமான வெளியீடு, 2 என்பது பிழைச்செய்தி. 2>&1 வரும்போது 1 இன்னும் கிரானின் கையில்தான் இருக்கிறது; 2 அங்கேயே போய் ஒட்டிக்கொள்கிறது. பிறகு 1 மட்டும் லாக்குக்குத் திரும்புகிறது. முதலில் >> கோப்பு, கடைசியில் 2>&1. பழைய செய்திகளை கிரான் அஞ்சலாக அனுப்பியிருக்கும். சர்வரில் உங்கள் கணக்கின் அஞ்சல் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ்வாசி:
அண்ணன் சொன்னது சரி. பிஎச்பியின் அமைப்புக் கோப்பிலேயே பிழை லாக்குக்கு முழுப் பாதை கொடுத்துவிடுங்கள். ஸ்கிரிப்ட்டுக்குள் எழுதினால், அதே கோப்பில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனாலும் அந்த வரி ஓடவே ஓடாது. வெறும் கோப்புப்பெயரும் போதாது: கிரானில் ஓடும்போது பிஎச்பி ஸ்கிரிப்ட்டின் ஃபோல்டருக்கு மாறுவதில்லை. என் லாக்கை இரண்டு நாள் தேடினேன். ஹோம் ஃபோல்டரில் கொழுத்துக் கிடந்தது. நேர மண்டலத்தையும் கோலாலம்பூருக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் இரவு 2 மணிக்கு விழுந்த பிழை முந்தைய நாள் 18:00 என்று பதிவாகும்.

பினாங்கு_கணக்கன்:
பெட்டியில் பத்துக் கடிதங்கள், பத்திலும் ஒரே புலம்பல்: 134217728 பைட் நினைவகம் தீர்ந்துவிட்டது. அதாவது 128 எம்பி. பிரவுசர் வழி ஓடும் பிஎச்பிக்கு 512 கொடுத்திருந்தேன். கிரான் வழி ஓடுவது படிக்கும் அமைப்புக் கோப்பே வேறு. வரம்பை ஏற்றவில்லை. எல்லா பில்லையும் நினைவகத்தில் ஒரே அரேயில் (பட்டியலில்) அள்ளியதை விட்டு, ஒவ்வொன்றாகப் படிக்க மாற்றினேன். நேற்றிரவு முழுவதும் ஓடி முடிந்தது.

பருப்பு ஆறு மூட்டை என்று மாமாவிடம் காட்டினேன். "அதைத்தானே பத்து நாளாகச் சொல்கிறேன்" என்றார்.