சாயத்தண்ணிய முருங்கை விதை தெளிய வைக்குமா?

பத்தமடை பக்கம் நாங்க பாய்க்கு கோரைய சாயம் ஏத்துதோம், மிச்சத் தண்ணி அப்படியே ஓடைக்குப் போறத பாத்தா மனசு கேக்கல. முருங்கை விதை போட்டா தெளியும்னு சொல்லுதாங்க, நெசமா அண்ணாச்சி?

பேட்டைக்காரன்: எந்தச் சாயம்னு மொதல்ல கடையில கேளுங்க, எல்லாம் அதுலதான் இருக்கு. மெத்திலீன் ப்ளூ மாதிரி பாசிட்டிவ் சார்ஜ் சாயம்னா மரத்தூள், உமி, தேங்காநார்த் துகளே இழுத்துக்கிடும், ஏன்னா அதுங்க மேல நெகட்டிவ் சார்ஜ். காங்கோ ரெட் மாதிரி நெகட்டிவ் சாயத்த அதுங்க சரியா பிடிக்காது, அங்கதான் முருங்கை விதை, அதுல உள்ள புரோட்டீன் பாசிட்டிவ், சாயத்த திரட்டி அடியில படிய வச்சிரும். அந்த விதையில எண்ணெய் எடுத்த புண்ணாக்கே போதும். நாலஞ்சு பாட்டில்ல வேற வேற அளவு போட்டுப் பாத்துட்டு தொட்டிக்குப் போங்க.

பொருநைக்கரை: சிரட்டைக்கரியும் நல்லாருக்கும், ஆனா ஆக்டிவேட் பண்ணது, அதாவது நுண்துளை நெறய வர்ற மாதிரி பக்குவம் பண்ணது வேணும், அடுப்புக்கரியில அவ்வளவு நுண்துளை கெடையாது.

கேட்டவர்: அடியில நிக்க கசட வயல்ல போடலாமா?

பேட்டைக்காரன்: போட்ராதீங்க. சாயம் அழியல, தண்ணியில இருந்து கசடுக்கு மாறிருக்கு, அவ்வளவுதான். மழ படாம தனியா காய வச்சு வைங்க, தெளிஞ்ச தண்ணிய அடுத்த சாயத்துக்கே எடுத்துக்கிடலாமான்னு பாருங்க.