வாத்தியார் உடம்பு எப்போ அசையுது? மும்பை கல்லூரி ஆசிரியர்கள் அனுபவம் சொல்லுங்க

செம்பூர்க்காரி:

போன செமஸ்டர்ல எங்க காலேஜ் உடற்கல்வி சார் ஸ்டாஃப் ரூமுக்கு ஒரு கட்டு படிவத்தோட வந்தார். ஐபேக்னு உலகம் முழுக்கப் பயன்படுத்தற கேள்வித்தாள், அதுல குட்டி வடிவம். ஏழே கேள்வி. கடைசி ஏழு நாள்ல மூச்சு வாங்கற அளவு கடினமா எத்தனை நாள், எவ்வளவு நேரம், மிதமா எவ்வளவு, நடை எவ்வளவு, உட்கார்ந்தது எவ்வளவு. அவ்வளவுதான்.

காமர்ஸ் மேடம் ஒருத்தங்க பேனாவை மூடி வச்சுட்டு, "தினம் நாலு லெக்சர் நின்னுக்கிட்டே எடுக்கறேன் சார், வேர்த்து ஊத்துது, அதை எந்தக் கட்டத்துல எழுதறது?"ன்னு கேட்டாங்க. எந்தக் கட்டத்துலயும் இல்லைன்னு சார் சொன்னதும் ரூமே களேபரம். சும்மா உட்கார்ந்திருக்கறப்ப உடம்பு செலவழிக்கற சக்தியை 1 மெட்னு வச்சுக்கிட்டா, நின்னுக்கிட்டுப் பேசறதுக்கு 2 கூட வராதாம். மிதமான உழைப்புன்னு சொல்லவே 3 வேணும். பலகைப் பக்கம் ரெண்டடி, மேஜைப் பக்கம் ரெண்டடி போறதெல்லாம் கணக்குல ஏறாது. "அப்ப கால் ஏன் சார் இப்படி வலிக்குது?"ன்னா, "வலிக்கும் மேடம். அது நின்ன வலி, நடந்த வலி இல்ல"ன்னுட்டார்.

பேர் எழுத வேண்டாம்னுதான் சொன்னார். ஆனா வருஷக்கணக்கா விடைத்தாள் திருத்தற கூட்டத்துக்குக் கையெழுத்து தெரியாதா? கணக்குப் போட்டதும் யார் யார்னு எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு. முதல்ல வந்தது பத்லாப்பூர்லேர்ந்து வர்ற சிஎச்பி பொண்ணு. லெக்சருக்கு இவ்வளவுன்னு மணிக்கணக்குச் சம்பளம். காலையில எங்ககிட்ட, மத்தியானம் காட்கோபர்ல இன்னொரு காலேஜ். வீட்டுலேர்ந்து ஸ்டேஷன், ஸ்டேஷன்லேர்ந்து காலேஜ், மறுபடி ஸ்டேஷன். தினம் 40 நிமிஷ நடைன்னு வச்சாலே வாரம் 6 நாளுக்கு 240 நிமிஷம். நடைக்கு ஐபேக் தர்ற மதிப்பு 3.3 மெட். பெருக்கினா 792. நடுத்தர வகைக்குள்ள வர 600 போதும். உடற்பயிற்சின்னு ஒண்ணுமே செய்யாம அந்தப் பொண்ணு தாண்டிட்டா.

கடைசில வந்தது எங்க எச்ஓடி, அதாவது துறைத் தலைவர். வடாலால வீடு, கார், லிஃப்ட், நாற்காலி. அவரைக் குத்தம் சொல்லலை, சின்ன வயசுல விரார் லோக்கல் ரயில்ல தொங்கிக்கிட்டு வந்தவர்தான் அவரும்.

எனக்குப் படறது இதுதான்: இந்த ஊர்ல வாத்தியாரை நடக்க வைக்கறது காலேஜ் இல்ல, ரயில்வே. வேலை நிரந்தரமாகி, பதவி ஏறி, பக்கத்துல வீடு வாங்கினா நடை போயிடுது. உங்க இடத்துல எப்படி?

டோம்பிவிலி ஃபாஸ்ட்:

அக்கா, அந்தப் பொண்ணு கதைதான் என் கதையும். டோம்பிவிலியில ஏறி, தாதர்ல இறங்கி, பாலம் ஏறி வெஸ்டர்ன் லைனுக்கு மாறி பாந்த்ரா போகணும். பையை நெஞ்சுல மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் ஒத்தைக் கால்ல நிப்பேன், இன்னொரு கால் யார் செருப்பு மேல இருக்குன்னே தெரியாது. தாதர் பாலத்துல நான் நடக்கறதா? பின்னாடி வர்றவன் தள்ளறான், முன்னாடி போறேன். படிவத்துல அதுக்கும் பேர் நடை.

உட்கார்ந்த நேரம் எவ்வளவுன்னு கேட்டா எனக்கு ரொம்பக் கம்மியா வரும். ஏன்னா எனக்கு ஸ்டாஃப் ரூம்ல நாற்காலியே கிடையாது. சிஎச்பி ஆளுங்களுக்குத் தனி இடம் இல்ல. பர்மனென்ட் சார் யாராவது லெக்சருக்குப் போனா அவர் சீட்டுல உட்காரலாம், திரும்பி வந்தா எழுந்துக்கணும். அதுக்கு லைப்ரரியில பேப்பர் ஸ்டாண்டு பக்கத்துலயே நின்னுடலாம்னு நின்னுடறேன். அந்தப் படிவத்தைக் கேட்டா நான் ரொம்ப ஆரோக்கியமானவன்! ராத்திரி ஒன்பதரைக்கு டியூஷன் முடிச்சு வந்து சாப்பிடறேன். போன தடவை ரத்தம் குடுத்துப் பாத்தப்ப சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குது. டாக்டர் என்னைப் பாத்து, "கொஞ்சம் நடங்க"ன்னார்.

மே மாசம் லெக்சர் கிடையாது. சம்பளமும் கிடையாது, நடையும் கிடையாது.

சயான் கோலிவாடா:

எங்க பில்டிங்ல லிஃப்ட் ஆசிரியர்களுக்கு மட்டும். மூணாவது மாடிக்குப் போக ஏழு பேர் கியூல நிப்போம். பசங்க படியேறி, கிளாஸ்ல உட்கார்ந்து, அட்டெண்டன்ஸ் எடுக்க ஆளைக் காணோமேன்னு மேலேர்ந்து எட்டிப் பாப்பாங்க. ஒரு நாள் லிஃப்ட் கெட்டுப்போய் படியில ஏறினோம். எங்க சீனியர் ஒருத்தர் ரெண்டாவது மாடியில நின்னு நோட்டீஸ் போர்டை ரொம்ப அக்கறையா படிக்க ஆரம்பிச்சார். போன வருஷ நோட்டீஸ்.

முலுண்டு ஓய்வு:

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன் நான். செம்பூர்க்காரி அம்மா சொன்ன இருவரைப் படித்ததும் நினைவுக்கு வந்தது லண்டன் பேருந்து ஆய்வு. 1953இல் ஜெரி மாரிஸும் அவர் குழுவினரும் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இரண்டடுக்குப் பேருந்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. உடல் அசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை முறையாக ஆராயும் வழக்கம் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளைத்தது. ஆனால் அந்த இருவரும் ஒரே பேருந்தில் வேலை பார்த்தவர்கள், ஏறக்குறைய ஒரே மாதிரி வாழ்க்கை. உங்கள் எச்ஓடிக்கும் பத்லாப்பூர் பெண்ணுக்கும் அப்படியில்லை. ஒருவருக்கு மருத்துவக் காப்பீடு, மே மாதச் சம்பளம், எட்டு மணி நேரத் தூக்கம். ஆகவே நடையை மட்டும் வைத்து அந்தப் பெண்ணை "முதலிடம்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் சேதிக்கு வருகிறேன். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது, மறந்திருக்க மாட்டீர்கள். அன்று நான் கலினாவில் ஒரு கருத்தரங்கில் இருந்தேன். முலுண்டு வரை நடந்தேதான் வந்தேன், நெடுந்தூரம் முழங்கால் தண்ணீரில். ஐம்பதைத் தாண்டிய வயது. மறுநாள் கால் வீங்கியதே தவிர வேறு கோளாறு இல்லை. அந்த உடம்பைக் கொடுத்தது லோக்கல்தான். பணி ஓய்வுக்குப் பிறகு ரயில் ஏறவில்லை, அதற்குப் பதிலாக வேறெதுவும் வரவும் இல்லை. இரண்டு வருடத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியாமல் போனது. வேலையில் இருப்பவர்களுக்கு இதன் ஒரு முன்னோட்டம் 2020 மார்ச்சிலேயே கிடைத்தது. லோக்கல் நின்றது, வகுப்பு திரைக்குப் போனது. அடுத்த வருடம் என்னைப் பார்க்க வந்த பழைய சகாக்களில் பாதிப் பேர் சட்டை அளவு மாறியிருந்தார்கள்.

அன்டாப் ஹில் அம்மா:

எல்லாரும் ஸ்டேஷனையே பேசறீங்க. அதே ஐபேக்ல, வீட்டு வேலையும் சேத்து எழுதச் சொல்லித்தான் கேள்வி இருக்கு. எங்க டிபார்ட்மென்ட்ல எத்தனை பொம்பளைங்க அதை எழுதினாங்க? எனக்குத் தெரிஞ்சு ஒருத்தரும் இல்ல. "அது எக்சர்சைஸ் இல்லியே"ன்னு கோடு போட்டுட்டாங்க. காலையில அஞ்சுக்கு எழுந்து தண்ணி வர்ற அரை மணிக்குள்ள பிடிச்சு, மூணு டப்பா கட்டி, வீட்டைக் கூட்டித் துடைச்சு, துணி ஊறப் போட்டுட்டு வர்றவ, "மிதமான உழைப்பு: இல்லை"ன்னு எழுதறா. பக்கத்து சீட்டு சார் ஞாயித்துக்கிழமை கிரிக்கெட் ஆடினதை "கடினமான உழைப்பு, மூணு மணி நேரம்"னு எழுதறார். ஸ்லிப்ல நின்னவர்.

உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2024ல வெளியிட்ட கணக்குப்படி 2022ல இந்தியப் பெண்கள்ல 57 சதவீதம் பேருக்குப் போதுமான உடல் அசைவு இல்ல, ஆண்கள்ல 42 சதவீதம். வீட்டு வேலையும் கேட்டுத்தான் இந்தக் கணக்கெல்லாம் எடுக்கறாங்க. ஆனா எங்க டிபார்ட்மென்ட் மாதிரி எத்தனை பேர் கோடு போட்டுட்டு வந்தாங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கத்தான் செய்யுது. ஓய்வு நேர நடைங்கறது எங்களுக்கு இல்லைங்கறது மட்டும் சத்தியம். மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ்ல சாயங்காலம் ஆறு மணிக்குப் போய் பாருங்க, எங்க வீட்டுக்காரர் உட்பட ஆம்பளைங்க கையை வீசிக்கிட்டு சுத்துவாங்க. அந்த நேரம் நான் குர்லாவுல ரயில்ல லேடீஸ் பெட்டியில ஏற முண்டிக்கிட்டிருப்பேன்.

கல்யாண் மைதானம்:

உடற்கல்வித் துறையில்தான் இருக்கிறேன், இந்தப் படிவத்தை வருடா வருடம் கையில் எடுப்பவன். சில விஷயங்கள்.

டோம்பிவிலி தம்பி, வேலையில் படும் உழைப்பு ஓய்வு நேரப் பயிற்சி தரும் பலனைத் தருவதில்லை என்று டென்மார்க் ஆய்வாளர்கள் சிலர் சொல்லிவருகிறார்கள், எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அது மூட்டை தூக்குகிறவர்கள், நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிறவர்கள் பற்றிய பேச்சு. ஸ்டேஷன் நடை நல்ல நடைதான், விட்டுவிடாதீர்கள். உங்கள் சர்க்கரைக்கு ஒன்பதரை மணிச் சாப்பாட்டையும் தூக்கத்தையும் பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

ஐபேக்கில் ஒரேயடியாகப் பத்து நிமிடமாவது செய்ததைத்தான் எழுத வேண்டும். நம் ஊரில் பாலம் ஏறி இறங்குவது மூன்று நிமிடம், பிளாட்பாரம் மாற நாலு நிமிடம், ஓடிப்போய் ஏறுவது அரை நிமிடம். எல்லாம் சிந்திப்போகிறது. 2020இல் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையில் அந்தப் பத்து நிமிடக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, எப்படித் துண்டு துண்டாக வந்தாலும் சரி. எனவே சயான் கோலிவாடா, அந்த மூன்று மாடி கணக்கில் வரும்.

ஆசிரியர்கள் கவிழ்வது உட்காரும் கேள்வியில். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல், பேராசிரியருக்கு 14. ஆனால் மொத்த வேலை 40 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. மிச்சம் எங்கே போகிறது? கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் (NAAC) ஃபைல், எக்செல், கூட்டம். விடைத்தாள் திருத்துவது திரைக்கு வந்தபிறகு கட்டைத் தூக்கிவரும் வேலைகூடப் போய்விட்டது. முன்பெல்லாம் மையத்தில் கட்டு மாற்ற எழுந்து போய், வழியில் இரண்டு பேரிடம் வம்பளந்துவிட்டு வருவார்கள். இப்போது ஒரு சொடுக்கு, அடுத்த தாள். விடைத்தாள் திருத்தும் வாரத்தில் இந்தப் படிவத்தைக் கொடுத்தால் ஒருவரும் தேற மாட்டார்கள். அதனால் எந்த வாரத்தில் எடுத்தது என்று சொல்லாத எண்ணிக்கையை நான் நம்புவதில்லை.

இங்கே ஒருவர்கூடப் பேசாத விஷயம் தசை. அதே பரிந்துரை வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது. ஐபேக் அதைத் தனியாகக் கேட்பதே இல்லை. பத்லாப்பூர் பெண்ணுக்கும் அது பூஜ்யம், எச்ஓடிக்கும் பூஜ்யம். முலுண்டு ஐயாவால் சம்மணம் போட முடியாமல் போனதிலும் இதற்குப் பங்கு இருக்கும். நாற்காலியைப் பிடிக்காமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, இவற்றுக்கு ஸ்டாஃப் ரூமே போதும். வெட்கம்தான் தடை.

செம்பூர்க்காரி:

எல்லாருக்கும் நன்றி. முலுண்டு ஐயா சொன்னது சரி, "முதலிடம்"னு அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொன்னா என்னை ஒரு முறை முறைப்பா.

தசை விஷயத்தை எங்க உடற்கல்வி சார்கிட்ட கேட்டேன். பசங்க ஜிம்கானா ரூம் காலையில சும்மாதான் இருக்கு, ஆறரைலேர்ந்து ஏழேகால் வரைக்கும் ஆசிரியைகளுக்குத் திறந்து விடறேன்னார். அஞ்சாறு பேர் சரின்னாங்க. பத்லாப்பூர் பொண்ணைக் கூப்பிட்டேன். "மேடம், ஆறரைக்கு இங்க இருக்கணும்னா நான் நாலு மணிக்கே எழுந்துக்கணும்"னா. அதனால பதினொண்ணே முக்கால் இடைவேளைக்கு மாத்த முடியுமான்னு பேசிக்கிட்டிருக்கோம், டைம் டேபிள் கமிட்டி ஒத்துக்கணும். எச்ஓடி கையெழுத்துப் போட்டுட்டார், நானும் வரலாமான்னு கேட்டார், அது வேற பஞ்சாயத்து. மாட்டுங்கா, சயான் பக்கம் எடைப் பயிற்சி சொல்லித் தர்ற பெண் பயிற்சியாளர் யாராவது தெரிஞ்சா சொல்லுங்க. மராத்தி, இந்தி, தமிழ் எதுவானாலும் பரவாயில்ல.