சினிமா ஸ்டில் அட்டை போட்ட பழைய நாவல்கள்: எது மூலம், எது நாவலாக்கம், எது முதல் அச்சு?

காகிதப்பூச்சி:
பழைய ஆங்கிலப் பேப்பர்பேக் நாற்பது சொச்சம் மொத்தமாக வந்திருக்கிறது. எல்லாவற்றிலும் முன்னட்டையில் சினிமா ஸ்டில். 1960களின் கடைசியிலிருந்து 1980களின் நடு வரை. கூடவே மேலுறையோடு ஆறு கெட்டி அட்டைப் புத்தகங்கள், அவை இன்னும் பழையவை. படம் எடுக்கப்பட்ட மூல நாவல் எது, படத்தைப் பார்த்து எழுதிய நாவலாக்கம் எது என்று அட்டையைப் பார்த்தால் பிடிபடவில்லை. முதல் அச்சு என்று எதை வைத்துச் சொல்வது? பாதிக்கு மேல் பசை காய்ந்து, திறந்தால் முதுகில் 'டக்' என்று சத்தம் வருகிறது. சிலதில் பூஞ்சை வாடையும் உண்டு. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

படித்துறை:
முதலில் அட்டையை மறந்துவிடுங்கள். அது விற்பனைப் பிரிவின் வேலை. காப்பிரைட் பக்கத்துக்குப் போங்கள். உரிமை எழுத்தாளர் பெயரில், படத்துக்குச் சில வருடம் முந்தைய தேதியோடு இருந்தால் மூல நாவல், மறுபதிப்பில் ஸ்டில் ஏற்றியிருக்கிறார்கள். உரிமை ஸ்டூடியோ பெயரில், படம் வந்த வருடமோ அதற்கு முந்தைய வருடமோ போட்டிருந்தால் பெரும்பாலும் நாவலாக்கம். அடுத்து தலைப்புப் பக்கம்: 'இன்னாரின் திரைக்கதையிலிருந்து' என்று ஒரு வரி இருந்தால் சந்தேகமே வேண்டாம். 'இப்போது திரைப்படமாக' என்ற முழக்கம் மட்டும் இருந்தால், மூல நாவலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

தலைப்பை நம்பி ஏமாறுகிற இடமும் உண்டு. பிலிப் கே. டிக்கின் 1968 நாவல் 1982ல் 'பிளேடு ரன்னர்' என்ற படப் பெயரிலேயே மறுபதிப்பாக வந்தது. பார்த்தால் நாவலாக்கம் மாதிரி இருக்கும், உள்ளே இருப்பது மூல நாவல். படத்தை ஒட்டிப் புதிதாக ஒரு நாவலாக்கம் எழுதித் தரக் கேட்டதற்கு டிக் மறுத்துவிட்டார்.

இரண்டு பெட்டியிலும் அடங்காதவை சில இருக்கின்றன. சேகரிப்பவருக்கு ருசி அங்கேதான். 'லவ் ஸ்டோரி'க்கு எரிக் சீகல் முதலில் எழுதியது திரைக்கதை. அதைத்தான் நாவலாக்கினார். நாவல் 1970 பிப்ரவரியிலும் படம் அதே வருடக் கடைசியிலும் வந்ததால், நாவலைப் படமாக்கினார்கள் என்றே உலகம் நினைத்தது. 'ஃபென்டாஸ்டிக் வாயேஜ்' 1966ல் அசிமோவ் எழுதிய நாவலாக்கம், படத்துக்கு முன்பே கடைக்கு வந்துவிட்டது. படத்தில் நீர்மூழ்கியை நோயாளியின் உடம்புக்குள்ளேயே விட்டுவிட்டு வெளியேறுவார்கள். நேரம் முடிந்ததும் அது பழைய அளவுக்குப் பெருத்தால் ஆள் என்ன ஆவான் என்ற ஓட்டையை அசிமோவ் அடைத்து, கப்பலையும் வெளியே கொண்டுவந்தார். 'தி தேர்ட் மேன்' இன்னொரு தினுசு. திரைக்கதைக்கு முன்தயாரிப்பாகத்தான் கிரஹாம் கிரீன் அந்தக் குறுநாவலை எழுதினார். அச்சில் வந்தது படத்துக்கு அடுத்த வருடம், 1950ல்.

எனக்குப் பிடித்த சிக்கல் ராம்போ. டேவிட் மொரெல் 1972ல் எழுதிய 'ஃபர்ஸ்ட் பிளட்' நாவலில் ராம்போ செத்துப்போகிறான், படத்தில் பிழைக்கிறான். இரண்டாம் படத்தின் நாவலாக்கத்தையும் மொரெலே எழுதியதால், தான் கொன்ற ஆளை எழுப்பியதற்கு முன்குறிப்பில் ஒரு விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று.

எண்வரிசை:
அச்சு பற்றி. காப்பிரைட் பக்கத்தின் அடியில் எண்களை வரிசையாக அடித்திருப்பார்கள். அதில் மிச்சமிருக்கும் மிகச் சிறிய எண்தான் அச்சு எண். 1 இருந்தால் முதல் அச்சு, 4 வரை அழித்திருந்தால் ஐந்தாவது. ஏறுவரிசையா இறங்குவரிசையா என்பது முக்கியமில்லை. விதிவிலக்கு ராண்டம் ஹவுஸ் கெட்டி அட்டைகள். பல வருடங்களுக்கு அவர்கள் முதல் அச்சில் 'முதல் பதிப்பு' என்று எழுதி வரிசையை 2ல் தொடங்கினார்கள். அடுத்த அச்சில் அந்த வாசகத்தை மட்டும் எடுத்துவிடுவார்கள். வாசகமும் 2ம் சேர்ந்திருந்தால் அது முதல் அச்சு.

1970களின் பேப்பர்பேக் பலவற்றில் எண்வரிசையே கிடையாது, மாதம் போட்டு எழுதியிருப்பார்கள். உங்கள் குவியலில் 'ஸ்டார் வார்ஸ்' இருந்தால் இதை முதலில் பாருங்கள். படம் 1977 மே மாதம் வந்தது. பாலன்டைன் பதிப்பகத்தின் பேப்பர்பேக்கில் 'முதல் பதிப்பு: டிசம்பர் 1976' என்ற வரி இருக்க வேண்டும், அதற்குக் கீழே வேறு அச்சு விவரம் எதுவும் இருக்கக் கூடாது. அட்டை விலை 1.50 டாலர். நடுவில் வண்ணப் படங்கள் செருகியிருந்தால் அது 1977ன் பிந்தைய அச்சு. அட்டையில் ஜார்ஜ் லூகாஸ் பெயர், எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர்.

கெட்டி அட்டையில் புக் கிளப் பதிப்பு (சந்தா உறுப்பினர்களுக்கென்று மலிவாக அச்சிட்டது) கலந்திருக்கும், அதைப் பிரித்தெடுங்கள். மேலுறையின் உள்மடிப்பில் விலை இருக்காது. பின்னட்டையின் கீழ் மூலையில், முதுகை ஒட்டி, சின்னக் குழி ஒன்று அழுத்தியிருக்கும். விரலால் தடவினால்தான் தெரியும். தாள் மெல்லிசு, எடையும் குறைவு. டபுள்டே பதிப்பகம் அச்சிட்டவற்றில் கடைசிப் பக்கங்களின் உள்ஓரத்தில் ஓர் எழுத்தும் எண்ணும் கொண்ட குறியீடு உண்டு. எழுத்து வருடத்தைக் குறிக்கும், எண் வாரத்தை. 'ஸ்டார் வார்ஸ்' புக் கிளப் பதிப்பில் தேடப்படுவது எஸ்27, அதாவது 1977ன் 27வது வாரம். மடிப்பின் மூலையை வெட்டியிருந்தால் மட்டும் அவசரப்பட்டு புக் கிளப் என்று முடிவு கட்ட வேண்டாம். பரிசு கொடுப்பவர்கள் விலையை வெட்டுவது வழக்கம்.

முன்னட்டை இல்லாத பேப்பர்பேக் இருந்தால் மதிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். விற்காத பிரதியின் அட்டையை மட்டும் கிழித்துப் பதிப்பாளருக்கு அனுப்பிப் பணம் வாங்கியபின் மிச்சத்தை அழித்திருக்க வேண்டும். அப்படி அழிக்காமல் வெளியே வந்தவை இவை.

காகிதப்பூச்சி:
நன்றி, குழி ஐடியா வேலை செய்தது: ஆறில் இரண்டு புக் கிளப். இன்னொன்று குழப்புகிறது. கிராசட் அண்ட் டன்லப் போட்ட 'டிராகுலா'. காப்பிரைட் 1897 என்கிறது, உள்ளே 1931 படத்தின் ஸ்டில்கள்! மேலுறை புத்தம் புதுசு போலப் பளிச்சென்று இருக்கிறது.

எண்வரிசை:
அதற்குப் பெயர் ஃபோட்டோபிளே எடிஷன். கிராசட், ஏ. எல். பர்ட் இருவரும் மறுபதிப்புக்காரர்கள். நாவலின் பழைய உரிமைத் தேதியை அப்படியே விட்டுவிட்டுப் படத்தின் ஸ்டில்களைச் செருகுவார்கள். அதனால் 1897 என்பது நாவலின் வயது, உங்கள் பிரதியின் வயது அல்ல. இந்த வகையில் தேதி கண்டுபிடிக்க, மேலுறையிலும் கடைசிப் பக்கங்களிலும் இருக்கும் விளம்பரப் பட்டியலைப் பாருங்கள். அதில் ஆகக் கடைசியாக வெளிவந்த நாவல் எந்த வருடமோ, உங்கள் பிரதி அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. பிறகு ஸ்டில் தாள்களை எண்ணுங்கள். பளபளப்பான தனித் தாளில் அச்சிட்டு ஒட்டியவை என்பதால் எளிதாகக் கழன்றுவிடும், கிழித்துச் சுவரில் மாட்டியவர்களும் உண்டு. பட ஓரத்தில் 'இத்தனையாம் பக்கத்துக்கு எதிரே' என்று போட்டிருந்தால் சரிபார்ப்பது சுலபம்.

மேலுறை பளிச்சென்று இருப்பது நல்ல சகுனமில்லை. நகல் மேலுறைகள் நிறையப் புழங்குகின்றன. பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள்: பழைய அச்சில் ஒழுங்கான புள்ளி வலை தெரியும், இன்க்ஜெட் நகலில் தூவினாற்போல் சிதறிய பொட்டுகள். புள்ளி வலையின் மேல் இன்னொரு வலை படிந்து அலை அலையாகத் தெரிந்தால் ஸ்கேன் எடுத்து அடித்தது. உள்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தாலும், மடிப்புக் கோட்டில் தேய்மானமே இல்லாவிட்டாலும் நகல்தான்.

பசைக்கிண்ணம்:
முதுகுச் சத்தத்துக்கு வருகிறேன். சூட்டில் உருக்கி ஊற்றிய பசை வருடம் ஏற ஏற நெகிழ்வை இழந்து கண்ணாடி மாதிரி ஆகிவிடும். 90 டிகிரிக்கு மேல் விரித்தால் அதே இடத்தில் பிளக்கும். விற்கிற எண்ணம் இருந்தால் ஒட்டாமல் உறை போட்டு வையுங்கள். ஒட்டிய பிரதிக்குச் சேகரிப்பாளர் மதிப்பு குறையும். படிக்கத்தான் என்றால், அமிலமற்ற பிவிஏ பசையை (புத்தகக் கட்டுக்கு வாங்கும் வெள்ளைப் பசை) மெல்லிய பிரஷ்ஷில் தொட்டு, கழன்ற தாளின் உள்ஓரத்தில் 2 மில்லிமீட்டர் மட்டும் தடவிச் செருகுங்கள். இருபக்கமும் மெழுகுத்தாள் வைத்து, ஒரு நாள் முழுக்க எடை ஏற்றுங்கள். பசை அதிகமானால் பக்கத்துத் தாளும் சேர்ந்து ஒட்டும், அடுத்த முறை திறக்கையில் இரண்டும் கிழியும். இஸ்திரிப்பெட்டியால் பழைய பசையை உருக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அட்டையின் பளபளப்புப் படலம் குமிழி விடும். செல்லோடேப் கூடவே கூடாது.

வாடைக்கு: மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் சமையல் சோடாவைக் கிண்ணத்தில் வைத்து, புத்தகத்தைத் தாள்கள் விரிய நிறுத்தி ஒரு வாரம் விடுங்கள். சோடா புத்தகத்தில் படவே கூடாது. பூஞ்சை ஈரமாக, தொட்டால் இழுபடுவதாக இருந்தால் முதலில் தனியே பிரித்துக் காய விடுங்கள். உலர்ந்து பொடியான பிறகு, முகமூடி போட்டு, வெட்டவெளியில், முதுகுப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். உறை பாலிப்ரொப்பிலீன் அல்லது மைலாராக (பாலியெஸ்டர் படலம்) இருக்கட்டும். பிவிசி நாளாக நாளாக அமிலம் கக்கும், அட்டை மையையும் உரித்தெடுக்கும்.

படித்துறை:
ஒன்று விட்டுப்போயிற்று. தரம் பிரிக்கும்போது 'வெறும் நாவலாக்கம்' என்று எதையும் ஒதுக்கிவிடாதீர்கள். எழுதுபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் திரைக்கதையின் முந்தைய வரைவு. அதனால் படத்தில் வெட்டியது புத்தகத்தில் தங்கியிருக்கும். 'ஏலியன்' நாவலாக்கத்தில் கப்பல் தலைவன் டாலஸ் கூட்டுக்குள் சிக்கிக் கிடக்கும் காட்சி இருக்கிறது. 1979 படத்தில் அதை வெட்டிவிட்டார்கள், 2003 பதிப்பில்தான் திரும்ப வந்தது. 'ஸ்டார் வார்ஸ்' புத்தகத்தில் விமானி லூக்கின் அழைப்புப் பெயர் படத்தில் போல ரெட் ஃபைவ் இல்லை, ப்ளூ ஃபைவ். 'கிங் காங்' நாவலாக்கம் படத்துக்கு முந்தி 1932 கடைசியிலேயே வந்துவிட்டது, அதில் கப்பலின் பெயரே வேறு. 1927ன் 'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' படச்சுருளோ தீயில் போயிற்று. அடுத்த வருடம் வந்த நாவலாக்கம் மிஞ்சியிருக்கிறது.

நம் பக்கத்திலும் இதற்குச் சரியான ஜோடி உண்டு: கல்கியின் 'தியாக பூமி'. 1939ல் கே. சுப்ரமணியம் படம் எடுத்துக்கொண்டிருந்தபோதே ஆனந்த விகடனில் தொடராக ஓடியது, ஓவியத்துக்குப் பதில் படத்தின் ஸ்டில்களோடு. அது மூல நாவலா நாவலாக்கமா என்று கேட்டால் காப்பிரைட் பக்கமும் கைவிரித்துவிடும்.